மேம்பாலம்: ஏறுவது யார்?

கொஹுவலைச் சந்தியில் 2024இல் மேம்பாலம் திறந்த பிறகு பாமன்கடைப் பக்கம் அந்தச் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. ஹொரணைக்குப் போகும் 120 பஸ்ஸில் ஏறினால் "மேம்பாலத்துக்கு முன்னால இறக்கிவிடுங்கோ" என்று யாராவது சொல்கிறார்கள். ஓட்டோவில் ஏறினால் "மேம்பாலத்தால போகவோ, கீழால போகவோ?" என்று கேட்கிறார்கள். எங்கள் மாடிக் கட்டடத்தில் இருக்கிற ஓர் அம்மா போன மாதம் ஒரு கேள்வி கேட்டார். "கோட்டை ஸ்டேசனுக்கு முன்னால படியேறிக் கடக்கிறோமே தம்பி, அதுவும் மேம்பாலம்தானே? அப்ப ரெண்டும் ஒண்டோ?"

நல்ல கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் நாம் ஒரே சொல்லால்தான் அழைக்கிறோம். சொல் ஒன்றாக இருப்பதால், இந்தப் பாலங்களுக்கு இடையில் இருக்கிற மிகப் பெரிய வேறுபாடு நம் கண்ணில் படாமலே போகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பாலம் என்றால் தண்ணீர்

பாலம் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்தான். கொழும்பு தெற்கில் வளர்ந்தவர்களுக்கு அது கால்வாய்த் தண்ணீர். காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வரும்போது சென் பீற்றர்ஸ் கல்லூரியைத் தாண்டி ஒரு கால்வாய்ப் பாலம் வரும். அதைக் கடந்தால் வெள்ளவத்தை. தெற்கே தெஹிவளை எல்லையில் இன்னொரு கால்வாய். பாமன்கடையிலும் கிருலப்பனையிலும் கால்வாயைத் தாண்டாமல் பெரிதாக எங்கும் போய்விட முடியாது. இந்தப் பாலங்களுக்கு அடைமொழி எதுவும் தேவைப்படவில்லை. கீழே தண்ணீர், மேலே வீதி. அவ்வளவுதான் பாலம்.

மேம்பாலம் அப்படியல்ல. கீழே தண்ணீர் இல்லை. கீழே இருப்பதும் வீதி, மேலே இருப்பதும் வீதி. சந்தியில் இரண்டு வீதிகள் வெட்டிக்கொள்ளும்போது, ஒன்றை நிறுத்தி மற்றதை விடுவதற்குப் பதிலாக, ஒன்றைத் தூக்கி மற்றதன் தலைக்கு மேலால் விடுகிறோம். இயற்கை போட்ட தடையைத் தாண்டுவதற்குப் பாலம். நாமே போட்ட வீதியைத் தாண்டுவதற்கு மேம்பாலம்.

சொல்லின் அமைப்பைப் பார்த்தால், மேல் என்பதோடு பாலம் சேர்ந்தால் இலக்கணப்படி மேற்பாலம் என்று வரவேண்டும். மேற்படிப்பு, மேற்பார்வை என்பவை அப்படித்தான் அமைகின்றன. ஆனால் மேம்பாடு, மேம்போக்கு என்ற சொற்களின் வழியில் மேம்பாலம் என்று நாவில் நிலைத்துவிட்டது. அச்சிலும் அதுதான் நிலைத்தது. இனி அதை யாரும் திருத்தத் தேவையில்லை.

சிங்களத்தில் குவன் பாலம என்கிறார்கள். குவன் என்றால் வான். விமானத்தைக் குவன் யானய என்கிறார்களே, அதே குவன். பாலம என்பதும் நமது பாலமும் ஒரே குடும்பத்துச் சொற்கள். பாதசாரிகள் ஏறும் பாலத்தைச் சொல்லும்போது முன்னால் பதிக என்ற சொல்லைச் சேர்த்து, பதிக குவன் பாலம என்று பிரித்துவிடுகிறார்கள். இந்தப் பிரிப்பு நம் பேச்சிலும் வேண்டும்.

ஒரு சொல், நான்கு பொருள்

கொழும்புத் தமிழில் மேம்பாலம் என்று இன்று எவற்றையெல்லாம் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். நான்கு வகை தேறுகிறது.

முதலாவது, சந்தி மேம்பாலம். களனி, நுகேகொடை, தெஹிவளை ஆகிய இடங்களில் 2008, 2009 காலத்தில் எழுந்த இரும்பு மேம்பாலங்களோடுதான் இந்தச் சொல் கொழும்பு வாசிகளின் அன்றாடப் பேச்சுக்குள் வந்தது. 2018 ஜனவரியில் ஸ்பெயின் கடனுதவியில் கட்டிய ராஜகிரிய மேம்பாலம் திறந்தது. கொஹுவலை மேம்பாலத்துக்கு ஹங்கேரி கடன் கொடுத்தது. எல்லாவற்றின் நோக்கமும் ஒன்றே. கலர் லைட்டில் நிற்கும் வாகனம் நிற்காமல் போகவேண்டும்.

இரண்டாவது, ரயில் பாதைக்கு மேலால் போகும் வீதி. கொம்பனித்தெருவில் 2024இல் திறந்தது இந்த வகை. கேற் போட்டு நிறுத்தும் கடவைக்குப் பதிலாக வீதியே தண்டவாளத்துக்கு மேலே ஏறிவிடுகிறது. இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. மருதானையிலும் தெமட்டகொடையிலும் ரயில் பாதைக்கு மேலால் வீதி போவது மிகப் பழைய சங்கதி. ஆனால் அவற்றை யாரும் மேம்பாலம் என்று சொல்வதில்லை. மருதானைப் பாலம், தெமட்டகொடைப் பாலம் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம். மேம்பாலம் என்ற சொல் ஊருக்குள் வருமுன்பே அவை கட்டப்பட்டு, பெயர் வாங்கிவிட்டன.

மூன்றாவது, கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. இங்குருகடைச் சந்தியிலிருந்து துறைமுக ஓரமாகக் காலி முகத்திடல் பக்கம் வரை தூண்களின் மேலே போகும் நெடும்பாதை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் அமையும் இதன் நீளம் ஏறத்தாழ 5.3 கிலோமீற்றர். ஒரு முனையில் 2021 நவம்பர் 24இல் திறந்த புதிய களனிப் பாலம் இருக்கிறது. இலங்கையில் கம்பிவடங்கள் தாங்கும் முதல் பெரிய வீதிப் பாலம் அது. களனி ஆற்றின் மேலே இருக்கும் பகுதி பாலம். ஆனால் ஆற்றைத் தாண்டி நிலத்தின் மேலே தூண்களில் வரும் பகுதியையும் பாலம் என்றே சொல்கிறோம். ஐந்து கிலோமீற்றருக்கும் கூடுதலாக ஓடும் ஒன்றை மேம்பாலம் என்று சொன்னால் அந்தச் சொல் அதைத் தாங்காது. பாலம் என்றால் ஒன்றைத் தாண்டி மறுபக்கம் இறக்கிவிட வேண்டும். இது ஊரையே தாண்டிப் போகிறது.

நான்காவது, அந்த அம்மா கேட்டது. படியேறி, நடந்து, படியிறங்கி வீதியைக் கடக்கும் பாதசாரிப் பாலம்.

நான்கும் தரைக்கு மேலே இருப்பவை. ஆனால் முதல் மூன்றில் ஏறுவது வாகனம். நான்காவதில் ஏறுவது மனிதர். இந்த ஒரு வேறுபாட்டைத்தான் மேம்பாலம் என்ற ஒற்றைச் சொல் மூடி மறைக்கிறது.

மற்ற ஊர்களில்

இந்த அமைப்பு முதலில் ரயிலுக்குத்தான் வந்தது. 1840களில் லண்டனுக்குத் தெற்கே நோர்வூட்டில், ஒரு ரயில் பாதையை இன்னொரு ரயில் பாதையின் மேலால் மரப்பாலத்தில் தூக்கிவிட்டார்கள். உலகின் முதல் ரயில் மேம்பாலம் என்று அதைச் சொல்வார்கள். கார்கள் பெருகிய பிறகு அதே வழி வீதிக்கு வந்தது. இந்தியாவில் 1965இல் மும்பையின் கெம்ப்ஸ் கோர்னரில் முதல் மேம்பாலம் திறந்தது. சென்னையில் 1973 ஜூலை 1இல் அண்ணா மேம்பாலம் திறந்தது. அருகில் இருந்த ஜெமினி ஸ்டூடியோவின் பெயரால் ஜெமினி மேம்பாலம் என்றே ஊர் அதை அழைத்தது, இன்னமும் அழைக்கிறது. மேம்பாலம் என்ற சொல்லைத் தமிழர்கள் பலர் முதன்முதலாகக் கேட்டது அந்தப் பாலத்தின் பெயரில்தான் இருக்கும். 2008இல் கத்திப்பாரா வந்தது. நாலாபக்கமும் சுழன்று இறங்கும் அதன் வளைவுகளை விமானத்திலிருந்து பார்த்த கொழும்புக்காரர்கள் பலர் இருப்பார்கள்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்குச் சொல்வளம் கூடுதல். ஆற்றில் வெள்ளம் வந்தால் மூழ்கும் தாழ்ந்த பாலம் தரைப்பாலம். மூழ்காதது உயர்மட்டப் பாலம். ரயில் பாதைக்கு மேலே போவது ரயில்வே மேம்பாலம். கீழால் போவது சுரங்கப்பாதை. சென்னையில் தூண்களின் மேலே ஓடும் உள்ளூர் ரயில் 1995இல் வந்தபோது மக்கள் அதற்குப் பறக்கும் ரயில் என்று பெயர் வைத்தார்கள். பின்னர் மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்குத் தூண் பாதை போடப் புறப்பட்டபோது அதைப் பறக்கும் சாலை என்றார்கள். நம்முடைய துறைமுகப் பாதைக்கும் அதுவே உடன்பிறப்பு. பாதசாரிகளுக்கானதை நடைமேம்பாலம் என்று தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் தெளிவாகப் பிரித்து எழுதுகின்றன.

புடவை எடுக்க ரங்கநாதன் தெருவுக்குப் போய்வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்கு மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பஸ் நிலையம் வரை போகும் நீண்ட ஆகாய நடைமேம்பாலம் தெரிந்திருக்கும். 2023 மே மாதம் திறந்தது. நீளம் 570 மீற்றர். அதில் மின்தூக்கி உண்டு, நகரும் படிக்கட்டும் உண்டு. மக்களை மேலே ஏறச் சொல்வதென்றால் ஏற வழி செய்துகொடுக்க வேண்டும் என்பதை அங்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் முதல் பாதசாரி மேம்பாலம் 1964இல் கொலியர் கீயில் வந்தது. அந்த நகரம் பிற்காலத்தில் பல பழைய நடைமேம்பாலங்களுக்கு மின்தூக்கி பொருத்தத் தொடங்கியது. வயது கூடிய மக்கள் படியேற முடியாமல் நிற்பதை அவர்கள் கணக்கில் எடுத்தார்கள்.

நாற்பது படிகள்

இனி ஒரு சின்னக் கணக்கு. வீதியின் மேலே எந்தப் பாலம் போட்டாலும், கீழே கொள்கலன் ஏற்றிய லொறி தடையில்லாமல் போக வேண்டும். அதற்காக ஐந்தரை மீற்றர் அளவுக்கு இடைவெளி விடுவது வழக்கம். பாலத்தட்டின் கனத்தையும் சேர்த்தால் நடப்பவர் ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ ஆறு மீற்றர். ஒரு படி 15 சென்ரிமீற்றர் என்று வைத்தால் நாற்பது படி ஏற வேண்டும். மறுபக்கம் நாற்பது படி இறங்க வேண்டும். வீதியின் அகலம் இருபது மீற்றர்தான் இருக்கும். இருபது மீற்றரைக் கடப்பதற்கு எண்பது படி.

படி ஏற முடியாதவர்களுக்குச் சாய்தளம் அமைக்கலாமே என்று கேட்கலாம். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்பதுதான் உலகெங்கும் ஏற்றுக்கொண்ட சரிவு. ஆறு மீற்றர் உயரத்துக்கு 72 மீற்றர் நீளம் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 144 மீற்றர். வெள்ளவத்தையில் காலி வீதி ஓரத்து நடைபாதையில் அதற்கு எங்கே இடம்? ஆகவே மின்தூக்கிதான் வழி. மின்தூக்கி என்றால் மின்சாரம், பராமரிப்பு, காவல். இவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்காவிட்டால் அது பூட்டிக் கிடக்கும்.

வாகனத்துக்கான மேம்பாலத்தில் கணக்கு வேறு விதமாகப் போகும். உத்திரத்தின் கனத்தோடு ஏழு மீற்றர் உயரம் ஏற வேண்டும். நூறு மீற்றருக்கு ஐந்து மீற்றர் என்ற சரிவில் ஏறினால் ஒரு பக்கத்துக்கே 140 மீற்றர் சாய்வு வேண்டும். அந்த 140 மீற்றரின் இரு ஓரத்திலும் இருக்கும் கடைகளுக்கு முன்னால் சுவர் எழும். பஸ் தரிப்பிடம் நகரும். கடந்து போகவும் வழி குறையும். மேம்பாலம் சந்தியை மட்டும் தொடுவதில்லை, சந்திக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் தெருவின் வாழ்க்கையையும் மாற்றிவிடுகிறது.

இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒரு சந்தியில் நின்ற வாகனம் மேம்பாலத்தால் மறைந்துபோவதில்லை. அடுத்த சந்திக்குச் சீக்கிரமாக வந்து சேர்கிறது. கொஹுவலையில் தடையில்லாமல் ஏறி இறங்கிக் கொழும்புப் பக்கம் வரும் வாகனம் களுபோவிலையைத் தாண்டினால் பாமன்கடையில்தான் வந்து நிற்க வேண்டும். பாமன்கடைக்கும் ஒரு மேம்பாலம் போட்டால் அது ஹவ்லொக் வீதியில் போய் நிற்கும். உலகத்தின் பெரிய நகரங்கள் சில இதை அனுபவித்துப் படித்துவிட்டன. சான் பிரான்சிஸ்கோவில் 1989 நிலநடுக்கத்தில் சேதமடைந்த கடலோரத் தூண் பாதையைத் திரும்பக் கட்டாமல் 1991இல் இடிக்கத் தொடங்கினார்கள். தென்கொரியாவின் சியோல் நகரம் ஊர் நடுவே ஓடிய தூண் பாதையை 2003இல் இடிக்கத் தொடங்கியது. அதற்குக் கீழே புதைந்துகிடந்த சொங்கேச்சொன் ஓடையை 2005இல் மக்களுக்குத் திறந்துவிட்டது.

மேம்பாலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரயில் கடவையில் அது உயிர்காக்கும். ரயில் நின்று வழிவிடாது, ஆகவே அங்கே வீதி மேலே ஏறுவதே சரி. ராஜகிரிய போன்ற பெருவழிகள் கூடும் இடத்திலும் அதற்குத் தேவை இருக்கிறது. நான் கேட்பது, ஒவ்வோர் இடத்திலும் யாருடைய நேரத்துக்காக யார் ஏறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதே.

வெள்ளவத்தையின் மனிதர்கள்

வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் மாலை நேரத்தில் வீதியில் நிற்பவர்களைப் பாருங்கள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, மாடி வீட்டில் தனித்திருக்கும் அப்பாக்களும் அம்மாக்களும் இங்கே அதிகம். மருந்துக்கடைக்கும் மரக்கறிக்கும் கோயிலுக்கும் நடந்தே போகிறார்கள். பாமன்கடையிலிருந்து களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் நாளில் போகிறவர்கள் இருக்கிறார்கள். முழங்கால் வலி இல்லாத வீடு ஒன்றைக் காட்டுவது கடினம். இவர்களுக்குத் தேவை தரையோடு தரையாக ஒரு கடவை. வெள்ளைக் கோடு போட்டாலும் இன்னும் நாங்கள் மஞ்சள் கோடு என்றே சொல்கிறோமே, அந்தக் கடவை. அதற்கு ஒரு கலர் லைட், கடந்து முடிக்கப் போதுமான நேரம், நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு.

நாற்பது படி ஏற முடியாதவர் என்ன செய்வார்? கீழாலேதான் கடப்பார். மேலே பாலம் இருக்கிறது என்பதால் கீழே கடவையை அழித்துவிட்டிருந்தால், அவர் வேகமாக வரும் வாகனங்களுக்கு நடுவே கடக்க வேண்டும். நடைமேம்பாலம் கட்டியதால் வீதி அவருக்கு முன்பைவிட ஆபத்தாகிவிடும். பாலத்தைத் திறந்துவைப்பவர்கள் இந்த மனிதரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோட்டை போன்ற இடத்தின் நியாயம் வேறு. அங்கே கூட்டம் பெரிது, பஸ்கள் நிறைய, வீதி அகலம். அங்கே நடைமேம்பாலம் பலருக்கு உதவுகிறது. ஆனால் கோட்டைக்குப் பொருந்துவது பாமன்கடைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருப்பதால் அப்படி எடுத்துக்கொள்வது எளிதாகிவிடுகிறது. "உங்கள் பகுதிக்கு மேம்பாலம் வருகிறது" என்று ஒருவர் மேடையில் சொன்னால், கேட்பவர்களில் பாதிப்பேர் வாகனப் பாலத்தை நினைத்துக் கைதட்டுவார்கள், பாதிப்பேர் நடைப்பாலத்தை நினைத்துக் கைதட்டுவார்கள்.

நான் முன்வைக்கும் சொற்கள்

ஆகவே நான் எழுதும்போது இனி இப்படித்தான் எழுதப்போகிறேன். வீதியின் மேலே வாகனத்தை ஏற்றிவிடும் சந்திப் பாலம் மேம்பாலம். தண்டவாளத்தின் மேலால் போகும் வீதி ரயில் மேம்பாலம். மனிதர் படியேறி வீதியைக் கடப்பது நடைமேம்பாலம். நடைபாலம் என்று மட்டும் சொன்னால் கால்வாயின் மேலே இருக்கும் சின்னப் பாலத்தையும் அது குறிக்கும், அதனால் மேம் என்பதை விடக்கூடாது. கிலோமீற்றர் கணக்கில் தூண்களின் மேலே ஓடுவது உயர்மட்ட வீதி. நிலத்துக்குக் கீழால் போவது சுரங்கப்பாதை. இவை எவையும் நான் புதிதாகச் செய்த சொற்கள் அல்ல. எல்லாம் தமிழர் வாயில் ஏற்கெனவே இருப்பவை. எந்தச் சொல்லை எதற்குச் சொல்வது என்று ஒழுங்கு செய்துகொள்வதுதான் நாம் செய்ய வேண்டியது.

பேச்சில் பிளைஓவர் என்று சொல்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தச் சொல் வாகனப் பாலத்தை மட்டுமே குறிப்பதால் அதில் குழப்பமும் இல்லை. எனது கவலை அறிவித்தல் பலகை, செய்தி, திட்ட அறிக்கை ஆகியவற்றைப் பற்றியது. அங்கே எழுதும் சொல்லை நம்பித்தான் மக்கள் ஒரு திட்டத்துக்குச் சம்மதமோ எதிர்ப்போ சொல்கிறார்கள். பாடசாலை ஆசிரியர்களும் பத்திரிகைகளில் செய்தி எழுதும் தம்பி, தங்கைகளும் இந்தப் பிரிப்பைக் கைக்கொண்டால் ஓரிரு ஆண்டுகளில் ஊர் வழக்காகிவிடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவுக்கு மேம்பாலம் வருகிறது என்று கேள்விப்பட்டால் கைதட்டுமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அது வாகனத்துக்கா, நடப்பவருக்கா? நடப்பவருக்கென்றால் மின்தூக்கி உண்டா, அதைப் பராமரிப்பது யார்? கீழே இருக்கும் கடவையை விட்டுவைப்பார்களா? மாநகர சபைக்கோ வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ கடிதம் எழுதிக் கேளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தத்துக்குப் பிறகு, கொழும்பில் இருக்கும் ஒருவர் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது.